உங்களுக்குத் தெரியுமா? வளைவில் சாயும் பைக்கின் கணக்கு

● 40 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் கடக்க, பைக் ஏறக்குறைய 35 டிகிரி சாய்ந்தாக வேண்டும். அதே வளைவில் 66 கி.மீ. வேகம் போனால் சாய்வு 40 டிகிரியைத் தாண்டிவிடும். வேகம் கூடியது பத்தில் ஒரு பங்கு. சாய்வு கூடியதோ 5 டிகிரிக்கு மேல். 150 சிசி என்றாலும் 650 சிசி என்றாலும் கணக்கு இதுதான். டயர் அகலமாக இருந்தால் இன்னும் சில டிகிரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

● சாய்த்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் வண்டியின் ஏதாவது ஒரு பாகம் தரையைத் தொட்டே தீரும். பெரும்பாலும் முதலில் தொடுவது ஃபுட்ரெஸ்ட். பல ஸ்போர்ட்ஸ் பைக்குகளில் ஃபுட்ரெஸ்ட் நுனியில் கீழ்நோக்கி ஒரு சின்ன போல்ட் நீட்டிக்கொண்டிருக்கும். எதற்கு என்று தெரியாமல் அதைக் கழற்றிப் போடுகிறவர்கள் நிறைய. முதலில் தரையில் உரசி, "இதற்கு மேல் இடமில்லை" என்று காலுக்குத் தெரியப்படுத்துவதுதான் அதன் வேலை.

ஃபுட்ரெஸ்ட் தரையில் பட்டால் மேல்நோக்கி மடங்கிக்கொள்ளும். அதனால் உடனே ஆபத்தில்லை. அடுத்துப் படுகிற பாகங்கள் மடங்காது. இடது வளைவில் சைடு ஸ்டாண்டு, வலது வளைவில் சைலன்சர், சில வண்டிகளில் எஞ்சின் கவர். இவற்றில் ஒன்று தார்ச்சாலையில் அழுந்தினால் வண்டியின் எடை டயரிலிருந்து அந்த இரும்புக்கு மாறும். டயர் பிடி விட்டதும் பைக் வழுக்கும். அதைத் திருத்த நேரமே கிடைக்காது.

● அப்படியானால் சாய்வைக் குறைத்து அதே வேகத்தில் வளைவது எப்படி? பந்தய வீரர் சீட்டிலிருந்து பாதி இறங்கி, உள்பக்கம் தொங்கிக்கொண்டு போவது இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

பைக்கும் ஆளும் சேர்ந்துதான் சாய்கிறார்கள். ஆள் உள்பக்கம் நகர்ந்தால் இருவரின் கூட்டு ஈர்ப்பு மையமும் உள்பக்கம் நகரும். வளைவு கேட்கிற சாய்வில் ஒரு பகுதியை ஆளே கொடுத்துவிடுவதால், பைக் அந்த அளவுக்கு நிமிர்ந்து நிற்கலாம். ஓசூரில் தயாராகும் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 ஏறக்குறைய 174 கிலோ. ஓட்டுபவர் 65 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மொத்த எடையில் கால் பங்குக்கு மேல் அவர்தான். அவர் தன் உடலை 10 செ.மீ. உள்பக்கம் நகர்த்தினால் கூட்டு மையம் 2.7 செ.மீ. நகரும். அந்த மையம் தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் இருந்தால், பைக்கின் சாய்வில் சுமார் 2.5 டிகிரி மிச்சம். 15 செ.மீ. நகர்ந்தால் கிட்டத்தட்ட 4 டிகிரி.

நாலு டிகிரி என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். ஃபுட்ரெஸ்ட் உரசுவதற்கும் சைலன்சர் அழுந்துவதற்கும் நடுவே பல வண்டிகளில் அவ்வளவு இடைவெளிகூட இருக்காது.

● முழங்கால் தரையில் உரசுவதை வைத்து ஓட்டுபவரின் திறமையை எடைபோட முடியாது. பந்தயக்காரருக்கு முழங்கால் ஓர் அளவுகோல். "இவ்வளவு சாய்ந்திருக்கிறாய்" என்று சொல்லும். வண்டியைத் தேவைக்கு மேல் சாய்த்து, காலையும் அகட்டி வைத்தால் மெதுவாகப் போகும்போதே முழங்கால் பட்டுவிடும். அதில் வேகமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. நாகர்கோவில் பக்கத்துப் பையன்கள் கைப்பேசியில் காட்டும் "முட்டு உரசுற" படங்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வண்டியின் கீழ்ப்பக்கத்தைத்தான் என் கண் தேடும். ஸ்டாண்டுக்கும் தரைக்கும் நடுவே விரல் நுழைய இடம் இருக்கிறதா என்று.

● இடுப்பை வெளியே தள்ளிவிட்டுத் தலையையும் தோளையும் டேங்குக்கு மேலேயே, அல்லது அதற்கும் மறுபக்கமாக, வைத்துக்கொள்வது புதிதாகப் பழகுகிறவர்களிடம் அதிகம் காணும் தவறு. பார்க்க ரேஸ்காரர் மாதிரியே இருக்கும். கீழே சேர்த்த எடையை மேலே திருப்பிக் கொடுத்துவிடுவதால் பலன் ஏறக்குறைய பூஜ்யம். இடுப்பைக் கொஞ்சமாக, அரைப் பிட்டம் மட்டும், நகர்த்தினால் போதும். தலையும் நெஞ்சும் உள்பக்கக் கண்ணாடி இருக்கும் இடத்தை நோக்கிப் போக வேண்டும். உடம்பின் மேல்பாதிதான் கனமானது.

● வெளிப்பக்கத் தொடைதான் ஆளைத் தாங்க வேண்டும். டேங்கின் பள்ளத்தில் அழுத்தி நின்று, பாதத்தின் முன்பகுதியை ஃபுட்ரெஸ்ட்டில் ஊன்றி. கைகளில் எடை இருக்கக் கூடாது. நம் தென்பாண்டி அடிமுறைக் களரியில் காலும் இடுப்பும் உடலைச் சுமக்க, கை லேசாக இருக்குமே, அதே நிலை. கை இறுகினால் என்ன ஆகும்? முன்சக்கரம் சாலையின் சிறு மேடுபள்ளங்களுக்கு ஏற்பத் தானாக இம்மி இம்மியாகத் திரும்பிச் சரிசெய்துகொண்டே போகும் இயல்புடையது. ஹேண்டில்பாரைப் பிடித்துத் தொங்குபவர் அதைத் தடுத்துவிடுகிறார். வண்டி ஆடுகிறது என்று பயந்து இன்னும் இறுக்குவார். இன்னும் ஆடும்.

● வளைவுக்குள் நுழைந்த பிறகு இடுப்பை நகர்த்தினால் வண்டி குலுங்கும். பிரேக் பிடிப்பதற்குச் சற்று முன்பே, நேராக ஓடும்போதே, இடம் மாறிவிட வேண்டும்.

● வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால் வலது ஹேண்டில்பாரை முன்னால் தள்ள வேண்டும். தள்ளியதும் சக்கரம் ஒரு கணம் இடப்பக்கம் திரும்பும். வண்டி வலப்பக்கம் சாயும். சைக்கிள் ஓட்டிய காலத்திலிருந்தே இதைத்தான் எல்லோரும் அறியாமல் செய்கிறோம். உடம்பைச் சாய்த்தால் வண்டி திரும்பிவிடும் என்று நம்புகிறவர்களுக்காக, கலிபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல் ஒரு தனி வண்டியையே செய்து வைத்திருக்கிறது. அதில் வழக்கமான ஹேண்டில்பாரோடு, ஃபிரேமில் அசையாமல் பொருத்திய இன்னொரு ஹேண்டில்பாரும் உண்டு. அசையாததைப் பிடித்துக்கொண்டு உடம்பை எவ்வளவு வளைத்தாலும் வண்டி மிக மெதுவாகத்தான் விலகும். நினைத்த இடத்தில் திரும்பவே திரும்பாது.

கீத் கோட் 1980இல் தொடங்கிய இந்தப் பள்ளி, டிவிஎஸ் ரேசிங்குடன் சேர்ந்து சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலும் பயிற்சி நடத்திவந்திருக்கிறது. கவனிக்க வேண்டிய ஒன்று: அவர்கள் பாடத்திட்டத்தில் உடல் நிலை மூன்றாம் கட்டத்தில்தான் வருகிறது. முதல் கட்டத்தில் ஆக்சிலரேட்டர் கட்டுப்பாடு, எங்கே திரும்புவது, எவ்வளவு வேகமாகத் திருப்புவது. இரண்டாம் கட்டம் முழுவதும் பார்வை. இந்த வரிசை மிகச் சரியானது என்பது என் உறுதியான எண்ணம். வரிசையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, முதல் நாளே தொங்கப் பார்ப்பவர்கள்தான் விழுகிறார்கள்.

● உடம்பைத் தொங்கவிடுவதைக் காட்டிலும் அதிக இடைவெளியை மிச்சப்படுத்துவது, வளைவில் தேர்ந்தெடுக்கும் பாதை. வெளி ஓரத்திலிருந்து நுழைந்து, உள் ஓரத்தைத் தொட்டு, மீண்டும் வெளி ஓரத்துக்கு விரிந்தால் 40 மீட்டர் ஆரம் 50 மீட்டராகக் கூடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே 60 கி.மீ. வேகத்துக்கு 35 டிகிரி சாய்வு 30 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். ஆள் அசையாமலே 5 டிகிரிக்கு மேல் லாபம். டிராக்கில் முழு அகலமும் உங்களுக்கே சொந்தம் என்பதால்தான் இது முடிகிறது.

● 45 டிகிரி சாய்வில் டயர் தாங்கும் சுமை, நேராக நிற்கும்போது இருப்பதைப் போல் 1.41 மடங்கு. 239 கிலோ (பைக்கும் ஆளும்) 338 கிலோ ஆகிறது. அந்தச் சுமையில் சஸ்பென்ஷன் அமுங்கும். அமுங்கினால் ஃபுட்ரெஸ்ட் இன்னும் தரைக்கு நெருங்கும். ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கை ஓட்டுபவரின் எடைக்கு ஏற்ப முன்கூட்டியே இறுக்கி வைப்பதை மெக்கானிக்குகள் பிரீலோடு என்பார்கள். 90 கிலோ ஆள் 60 கிலோ ஆளுக்கு வைத்த பிரீலோடில் ஓட்டினால், எவ்வளவு அழகாகத் தொங்கினாலும் அடி உரசும். பின்னால் ஆள் ஏற்றினால் சொல்லவே வேண்டாம்.

● வளைவின் நடுவில் பயந்து ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மூடினால் எடை முன்சக்கரத்தில் விழும், முன்பக்கம் அமுங்கும், வண்டி நிலைகுலையும். மெதுவாக, சீராகத் திறந்துகொண்டே போனால் எடை பின்பக்கம் நகர்ந்து முன்பக்கம் எழும்பும். பின்பக்கமும் அமுங்கிவிடாதபடி செயின் இழுக்கும் விசை தாங்கிப் பிடிக்கும். அடியில் இடைவெளியும் டயரில் பிடியும் கிடைப்பது அப்போதுதான். இருங்காட்டுக்கோட்டையில் பயிற்சிக்கு வருகிறவர்கள் முதல் நாள் கற்றுக்கொள்வது இது.

● வளைவு முடியும் இடத்தில், உடம்பு உள்பக்கமே இருக்க, பைக்கை மட்டும் நிமிர்த்தித் தள்ளுவார்கள். டயரின் ஓரத்தை விட்டு அகலமான நடுப்பகுதி தரையில் பதியும்; ஆக்சிலரேட்டரைத் துணிந்து திறக்கலாம். தொலைக்காட்சியில் பந்தயம் பார்க்கும்போது இந்த ஒரு கணத்தைத் தேடிப் பாருங்கள்.

● இன்னொன்று: வளைவின் நடுவே வண்டி வெளிப்பக்கம் விலகுகிறது என்று தெரிந்தால், தலையையும் நெஞ்சையும் இன்னும் கொஞ்சம் உள்ளே, கீழே, முன்னே கொண்டுபோக வேண்டும். கூடுதலாகச் சாய்க்காமலே பாதை சுருங்கும்.

● 1950களில் உலக சாம்பியன்களும் பைக்கோடு ஒரே கோட்டில் விறைப்பாக உட்கார்ந்துதான் வளைந்தார்கள். அன்றைய குறுகிய டயர்களுக்கு அதுவே போதுமாக இருந்தது. 1972இல் 250 சிசி உலக சாம்பியனான ஃபின்லாந்தின் யார்னோ சாரினன் பனிக்கட்டி மேல் ஓட்டிப் பழகியவர். உடம்பை வெளியே தள்ளி ஓட்டும் பாணியை உலகப் பந்தயத்துக்குக் கொண்டுவந்தவர்களில் அவர் முதன்மையானவர். 1973 மே மாதம் இத்தாலியின் மோன்சா டிராக்கில் விபத்தில் இறந்தார்.

அந்தப் பாணியைப் பரப்பியவர் அமெரிக்காவின் கென்னி ராபர்ட்ஸ். 1978, 79, 80 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து 500 சிசி உலக சாம்பியன். அவர் முழங்காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு போவதைப் பார்த்து உலகமே பழகியது. இன்று வெல்க்ரோவில் ஒட்டும் பிளாஸ்டிக் வில்லைகள் கடையில் கிடைக்கின்றன. அன்றைக்கு முழங்காலில் ஒட்டுநாடாவைச் சுற்றிக்கொண்டு ஓட்டினார்கள்.

● இப்போது மோட்டோ ஜிபி வீரர்கள் 60 டிகிரிக்கு மேல் சாய்கிறார்கள். ஸ்பெயினின் மார்க் மார்க்கெஸ் முழங்கையையும் சில சமயம் தோளையும் தரையில் உரசவிட்டு மீண்டு வந்திருக்கிறார். அந்த டயர்கள் அவர் வெளியே வரும் முன்பே மின்போர்வையால் சூடேற்றப்பட்டவை. 2018 முதல் அங்கே ஏர்பேக் பொருத்திய உடை கட்டாயம். நம் கடையில் வாங்கும் சாலை டயருக்கு அந்தச் சாய்வைக் காட்டவே கூடாது.

● ஜெர்மனியின் சாக்சன்ரிங் டிராக்கில் 13 வளைவுகள். 10 இடப்பக்கம், 3 மட்டுமே வலப்பக்கம். டயரின் வலது ஓரம் ஆறிப்போய், அரிதாக வரும் வலது வளைவில் வழுக்கும். கடிகாரச் சுற்றில் ஓடும் டிராக்குகளில் இதற்கு நேர்மாறு: வலது முழங்கால் வில்லைதான் சீக்கிரம் தேயும்.

● தமிழ்நாட்டில் பைக் பந்தயம் முதலில் வேரூன்றியது சோழவரத்தில். இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுதளம் அது. 1953இல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல்லாண்டுகள் பந்தயம் நடத்தியது. பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் தனக்கென ஒரு டிராக்கைக் கட்டியது. நீளம் சுமார் 3.7 கி.மீ. இப்போது அதன் பெயர் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட்.

கோவை செட்டிப்பாளையத்தில் இருப்பது காரி மோட்டார் ஸ்பீட்வே. 2003இல் திறந்தது, சுமார் 2.1 கி.மீ. 1995இல் சிறுவிமான விபத்தில் இறந்த பந்தய வீரரும் கார் வடிவமைப்பாளருமான எஸ்.கரிவர்தன் பெயரைத் தாங்கி நிற்கிறது. சின்ன டிராக், நெருக்கமான வளைவுகள். உடம்பை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பழகுகிறவர்களுக்கு நீளமான டிராக்கைவிட இதுதான் நல்லது என்பேன்.

● திருவொற்றியூரில் தயாரான புல்லட்டின் குடும்பத்து வண்டியும் பந்தயத்துக்கு வந்துவிட்டது. ராயல் என்ஃபீல்டு கான்டினென்டல் ஜிடி கோப்பை 2021இல் தொடங்கியது. அந்த வண்டியில் செய்த மாற்றங்களில் முக்கியமானவை இரண்டு: ஃபுட்ரெஸ்ட்டைப் பின்னால் தள்ளியது, சைலன்சரை மாற்றியது. வளைவில் முதலில் உரசுகிற பாகங்கள் இவைதானே. எஞ்சினுக்கு முன்பு அடிப்பக்கத்தைக் கவனித்திருக்கிறார்கள்.

● சென்னையின் சரத்குமார் 2011இல் 125 சிசி உலகப் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியர். ரஜினி கிருஷ்ணன், ஜெகன்குமார், கே.ஒய்.அகமது எல்லோரும் இருங்காட்டுக்கோட்டையில் தேய்ந்து தேறியவர்கள். தேசிய சாம்பியன்ஷிப்பில் பெண்களுக்குத் தனிப் பிரிவும் உண்டு.

● டிராக்குக்குள் நுழையும் பந்தய வண்டியில் சைடு ஸ்டாண்டு, சென்டர் ஸ்டாண்டு, கண்ணாடி எல்லாம் கழற்றப்படும். விளக்குகளின் மேல் ஒட்டுநாடா ஒட்டுவார்கள். எஞ்சின் ஆயில் போல்ட்டைக் கம்பியால் கட்டுவார்கள். ரேடியேட்டரில் கூலன்டுக்குப் பதில் வெறும் தண்ணீர் ஊற்றுவார்கள்; கூலன்டு சிந்தினால் பின்னால் வருகிறவர் வழுக்கி விழுவார். தனக்குப் பின்னால் வருகிறவனுக்காகவும் வண்டியைத் தயார்செய்கிற ஒழுக்கம் இது.

● ஒரு டிராக் நாள் முடிந்து நிற்கும் பைக்கின் அருகே குந்தி உட்கார்ந்து பாருங்கள். ஓட்டியவர் சொல்லாத விஷயங்களை வண்டி சொல்லும். ஃபுட்ரெஸ்ட் நுனிப் போல்ட் சாய்வாகச் சீவப்பட்டு, வெள்ளி நிறத்தில் மின்னும். இரண்டு பக்கமும் ஒரே அளவு சீவப்பட்டிருந்தால் ஆள் இரு பக்கமும் சமமாகச் சாய்கிறார். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து, மறுபக்கம் கறுப்பு பெயின்ட் அப்படியே இருந்தால் அவருக்கு ஒரு பக்க வளைவில் பயம் இருக்கிறது. டயர் ஓரத்தைப் பாருங்கள்: தரையே தொடாத பளபளப்பான பட்டை எவ்வளவு அகலம்? போல்ட் தேய்ந்திருக்கிறது, ஆனால் முழங்கால் வில்லை புதிதாக இருக்கிறது என்றால், ஆள் சீட்டின் நடுவிலேயே உட்கார்ந்து வண்டியை மட்டும் சாய்த்திருக்கிறார். வில்லை தேய்ந்து, டயர் ஓரம் புதிதாக இருந்தால் வண்டி தேவைக்குள்ளேயே சாய்ந்திருக்கிறது. உடம்பு நன்றாக வேலை செய்திருக்கிறது. சைடு ஸ்டாண்டு பொருத்தும் தகட்டில் கீறல் தெரிந்தால் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேச வேண்டும்.

● தமிழ்நாட்டில் ரப்பர் அதிகம் விளையும் மாவட்டம் நம் குமரி. கீரிப்பாறை, குலசேகரம் பக்கம் விடியும் முன்பே பால் வெட்டப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மரத்திலிருந்து வரும் இயற்கை ரப்பர் டயரின் உள்கட்டுக்கு ஏற்றது; வளைந்து நெளிந்தாலும் அதிகம் சூடேறாது. பந்தய டயரின் மேல்தோலில் பெரும்பகுதி செயற்கை ரப்பரும் கார்பன் கரியும் சிலிக்காவும்தான். தரையை இறுகப் பிடிக்க அந்தக் கலவைக்குச் சூடு வேண்டும்.

● அதே ரப்பர் மரம் ஆண்டுதோறும் மார்கழி, தை வாக்கில் இலையை முழுவதும் உதிர்க்கும். கீரிப்பாறை, பேச்சிப்பாறை, திற்பரப்பு வழிகளில் வளைவுகள் மேல் சருகு படர்ந்து கிடக்கும். பனி இறங்கிய காலையில் அந்தச் சருகின் கீழே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டிராக்கில் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு மார்ஷல் கொடியோடு நிற்பார். தார் மேல் ஒரு துளி ஆயில் சிந்தினாலும் கொடி காட்டிச் சொல்லிவிடுவார்.

● நனைந்த சாலையின் உராய்வுக் கெழுவை அரை என்று வைத்தால், டயர் வழுக்காமல் சாயக்கூடிய எல்லை 27 டிகிரிக்குள் அடங்கிவிடும். ஃபுட்ரெஸ்ட் உரசுவதற்கு வெகு முன்பே டயர் போய்விடும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழைக்காலமும் வாய்த்த மாவட்டம் நமக்கு.

● ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆனி, ஆடிக் காற்றில் ஓட்டியவர்களுக்குத் தெரியும்: முப்பந்தல் காற்றாலைகளைக் கடக்கும்போது நேர்சாலையிலேயே வண்டியைக் காற்றுக்கு எதிராகச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். ஒரு லாரி குறுக்கே மறைத்ததும் காற்று நின்றுவிடும். சாய்த்த வண்டி அந்தப் பக்கமே இழுக்கும். கையைத் தளர்வாக வைத்து, டேங்கைத் தொடையால் இறுக்கிப் பிடித்திருப்பவர் அங்கே தப்பிக்கிறார். டிராக்கில் கற்ற உடல் நிலையில் சாலைக்கு அப்படியே உதவுவது இந்த ஒரு பகுதிதான்.

● இதைக் குறிப்பாக நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். ஒரு வலது வளைவில் நடுக்கோட்டை ஒட்டி 35 டிகிரி சாய்த்தால், சக்கரத்திலிருந்து தலை முக்கால் மீட்டர் வலப்பக்கம் போய்விடும். தொங்கவும் செய்தால் இன்னும் அதிகம். சக்கரம் நம் பக்கத்தில்தான் இருக்கும். தலை எதிர்ப்பக்கத்தில் இருக்கும். சுங்கான்கடையிலிருந்து வில்லுக்குறி, தக்கலை, அழகியமண்டபம் என்று போகும் பழைய நெடுஞ்சாலையில் எதிரே வரும் பஸ்ஸின் முன்மூலைக்கும் அந்தத் தலைக்கும் நடுவே எதுவும் இல்லை. மரங்களும் மதில்களும் மறைக்கிற வளைவில் பஸ் டிரைவர் என்ன செய்ய முடியும்?

● நடு உயர்ந்து இரு ஓரமும் சரியும் பழைய சாலைகளில் வலது வளைவு இன்னொரு வகையிலும் மோசம். சாலை வெளிப்பக்கமாகச் சரிந்திருப்பதால் வண்டியின் அடியில் கிடைக்கும் இடைவெளி அந்தச் சரிவின் அளவுக்குக் குறைந்துவிடும். இடது வளைவில் உரசாத வண்டி வலது வளைவில் உரசுவதற்கு இது ஒரு காரணம்.

● மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவுப்படி பொதுச்சாலையில் அனுமதியில்லாமல் பந்தயம் ஓட்டினால் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவு 18 வயது நிரம்பாதவர் செய்யும் வாகனக் குற்றத்துக்குப் பெற்றோரையோ வண்டி உரிமையாளரையோ பொறுப்பாக்குகிறது. 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. சாவியை மகன் கையில் கொடுக்கும் அப்பாக்கள் இந்தப் பிரிவு எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

● உடல் நிலையைப் பழக வேகம் தேவையே இல்லை. பைக்கை, பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்கும் பாடாக் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, இருபுறமும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டால் போதும். பாதத்தின் முன்பகுதியை ஃபுட்ரெஸ்ட்டில் ஊன்றுங்கள். இடுப்பைத் தூக்கி அரைப் பிட்டம் நகர்த்துங்கள். தூக்கும் வேலையைக் கால் செய்யட்டும், கை இழுக்கக் கூடாது. வெளித்தொடையை டேங்கில் பூட்டுங்கள். நெஞ்சை உள்பக்கக் கைப்பிடியை நோக்கி இறக்குங்கள். முகவாய் உள்பக்கக் கண்ணாடி இருக்கும் இடத்துக்கு வரட்டும், கண் வளைவின் வெளிவாயிலைப் பார்க்கட்டும். இப்போது இரண்டு கைகளையும் ஹேண்டில்பாரிலிருந்து எடுங்கள். விழாமல் அப்படியே இருக்க முடிந்தால் நிலை சரி. கீழே சரிந்தால், இவ்வளவு நேரமும் கைதான் உங்களைத் தாங்கியிருக்கிறது.

இடப்பக்கம் நன்றாக வரும், வலப்பக்கம் வராது. அல்லது மாறி இருக்கும். வராத பக்கத்தையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். தொடை நடுங்கும். அந்தத் தசை தேறாமல் டிராக்கில் ஐந்தாறு சுற்றுக்கு மேல் யாராலும் நிலையைக் காக்க முடியாது. களைத்தவன் கையில் தொங்குவான், கை இறுகும் பழைய தவறுக்கே மீண்டும் போவான்.

● முதல் முறை பயிற்சி நாளுக்குப் போகிறவர்கள் கொண்டுபோக வேண்டியவை: முகம் முழுவதும் மூடும் ஹெல்மெட், தோல் உடை, முதுகுக் கவசம், மணிக்கட்டை மூடும் கையுறை, கணுக்காலுக்கு மேல் வரும் பூட்ஸ். பல பயிற்சி முகாம்களில் உடையை வாடகைக்கும் தருகிறார்கள். விசாரித்துவிட்டுப் போங்கள்.

● டிராக் என்றால் ஆபத்தே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் விழுந்து இறந்தான். ஆம்புலன்ஸும் மருத்துவரும் கொடியோடு மார்ஷலும் நிற்கிற இடத்திலேயே இது நடக்கிறது. இவை எதுவும் இல்லாத சாலை வளைவில் சாய்க்கிறவன் எதை நம்பிச் சாய்க்கிறான்?

● நாகர்கோவிலிலிருந்து இருங்காட்டுக்கோட்டை சுமார் 700 கி.மீ.; கோவை 400 கி.மீ.க்கு மேல். கற்றுக்கொள்ள ஆசைப்படும் குமரி இளைஞனுக்கு இரண்டுமே ஒரு நாள் பயணம், ஒரு மாதச் சேமிப்பு. சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 தேதிகளில் இரவுக் கார் பந்தயம் நடத்த அரசு துணைநின்றது. தென்கோடி மாவட்டத்துக்குக் கேட்பது அதில் ஒரு துளி: ஒரு கால்பந்து மைதான அளவுக்கு வேலியிட்ட தார்த்தளம், வாரம் ஒரு நாள் தகுதியுள்ள பயிற்சியாளர், நிற்க ஓர் ஆம்புலன்ஸ். மெதுவான வேகத்தில் பிரேக், பாதை, உடல் நிலை மூன்றையும் அங்கேயே சொல்லிக்கொடுக்கலாம். மாவட்ட விளையாட்டு அலுவலகமும் போக்குவரத்துத் துறையும் சேர்ந்து இதைச் செய்ய வேண்டும். அதுவரை, மக்களே, பேச்சிப்பாறை வளைவில் முழங்காலை உரசாதீர்கள்; பணம் சேர்த்துச் செட்டிப்பாளையத்துக்கு ஒரு முறை போய் வாருங்கள்.